இரண்டாம் சிலிண்டரும் நான்கு பிளக்கும்

கொழும்பு பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலில் ஏ.சி. போட்டபடி நின்றால் அப்பாவின் காரில் ஸ்டியரிங் நடுங்கும். பச்சை விழுந்து காலை அழுத்தினால் முதல் இரண்டு விநாடி இழுவை இருக்காது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அப்பா ஒரு மாதமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி, நாலு காலிலை ஒரு கால் நொண்டுற மாதிரிக் கிடக்கு" என்றார். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அது மிகச் சரியான நோய்க்குறிப்பு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கார் 2004ஆம் ஆண்டு கொரொல்லா 121. 1என்.இசெட்-எப்.ஈ. எஞ்சின், 1,497 சி.சி. வெள்ளவத்தை வீட்டிலிருந்து அப்பா இதைப் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குத்தான் ஓட்டுகிறார்: சந்தை, கோயில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மா வீடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் இந்த ஊரில் பழைய கார்களுக்கு வந்த மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. இறக்குமதி மறுபடி தொடங்கிய பிறகும் வரியோடு சேர்த்துப் புதியதொன்றை வாங்கும் எண்ணம் எங்கள் வீட்டில் இல்லை. இருப்பதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் வேலை.

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருந்த நேரம் பொனட்டைத் திறந்தேன். இந்த எஞ்சினில் பழைய கார்களைப்போல டிஸ்ட்ரிபியூட்டரும் தடித்த வயர்களும் இல்லை. சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெற்றோலைப் பற்றவைப்பது பிளக். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் கொடுக்கும் தனித்தனி கொயில் உட்கார்ந்திருக்கும். அதனால் எந்தக் கால் நொண்டுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு கொயிலின் வயர் சொக்கெட்டை இரண்டு மூன்று விநாடிக்கு மட்டும் கழற்றினேன். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்திருக்கிறது. ஒன்று, மூன்று, நான்கு மூன்றுக்கும் தடுமாறியது. செயின் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வருவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. இந்தச் சோதனையை நீட்டக்கூடாது. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும்.

அடுத்தது, குற்றம் கொயிலிலா பிளக்கிலா என்பது. இரண்டாவது கொயிலைக் கழற்றி மூன்றாவது இடத்தில் போட்டு, மூன்றாவதை இங்கே கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிமீற்றர் நட் ஒன்றுதான். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நொண்டல் இரண்டாம் சிலிண்டரிலேயே நின்றது. அப்படியானால் கொயில் தப்பியது. புதுக் கொயில் நான்கு வாங்கச் சொல்லி வேறொரு இடத்தில் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிளக்குகளைக் கழற்றுமுன் ஒவ்வொரு குழியையும் டயர் பம்பால் ஊதினேன். பிளக்கைச் சுற்றி மணலும் காய்ந்த இலைத்தூளும் இருந்தால், கழற்றிய கையோடு அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட்டை இறக்கி மெதுவாகத் திருப்பினேன். நான்கும் வந்தன. பழைய தினசரி ஒன்றை விரித்து, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று பேனாவால் எழுதி, வரிசையாக வைத்தேன்.

இவை எட்டாயிரம் கிலோமீற்றருக்கு முன் போட்டவை. ஜப்பான் கம்பனி ஒன்றின் பெயர் அச்சடித்த பெட்டியில், இரிடியம் என்று சொல்லி, நல்ல விலைக்கு வந்தவை. நம்பிப் போட்டவனும் நான்தான். இரண்டாவது பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு முனை ஊசிபோல நீண்டு நிற்க வேண்டும். அது தேய்ந்து, பீங்கானின் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு கரிய பொட்டாகத்தான் இருந்தது. மேலே வளைந்துவரும் தரை முனைக்கும் அதற்கும் இடையில், இடைவெளி அளக்கும் கம்பி கேஜை நுழைத்தேன். 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 கம்பி தாராளமாகப் போய்வந்தது. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கீறியதுபோல ஒரு கரிக்கோடு. இடைவெளியைத் தாண்டச் சக்தி போதாமல், மின்சாரம் பீங்கானின் வெளிப்புறமாக வழுக்கி இறங்கிய தடம் அது. கொயிலின் ரப்பர் குழாய்க்குள்ளும் அதே கோடு பதிந்திருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பீங்கானும் இரும்பு உடலும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று பல பிளக்குகளில் தெரியும். அதைப் பார்த்து "கொம்ப்ரஷன் லீக் ஆகுது" என்று சொல்வார்கள். அது லீக் இல்லை. உயர் வோல்ட் மின்புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பயப்பட வேண்டியது நீளவாக்கில் ஓடும் கரிக்கோட்டுக்குத்தான்.

சந்தேகம் வந்ததால் மல்டிமீற்றரை எடுத்தேன். இந்தக் காருக்கான பிளக்குகளின் உள்ளே ரெசிஸ்டர் என்ற மின்தடை ஒன்று இருக்க வேண்டும், ஏறக்குறைய 5 கிலோ ஓம். தலைக்கும் நடு முனைக்கும் இடையில் அளந்தால் தெரியும். நான்கில் இரண்டு கிட்டத்தட்ட பூச்சியம் காட்டின. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இலக்கங்களைக் காட்டின. நான் போட்டிருந்தது இரிடியமே இல்லை. சாதாரண நிக்கலை ஊசியாகச் சீவி, நல்ல பெட்டியில் அடைத்த போலி.

போலி என்று மட்டும் சொல்லி நகர முடியாது. அது ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்பதில்தான் உலோகத்தின் விஷயமே இருக்கிறது.

கடையில் "கொப்பர் பிளக்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பொறி செம்பிலிருந்து பாய்வதில்லை. செம்பு நடுத்தண்டின் உள்ளே, சூட்டை இறக்கிக் கொண்டுபோக மட்டும் இருக்கிறது. இரிடியம் பிளக்கின் உள்ளேயும் அதே செம்புத்தான். பொறி பாயும் முனை நிக்கல் கலவை. நிக்கல் 1,455 பாகை செல்சியஸில் உருகும். பிளாட்டினம் 1,768. இரிடியம் 2,446. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது. உருகுநிலை கூடக்கூட, பிய்ந்துபோவது குறைகிறது. அதனால் நிக்கல் முனையைத் தடிப்பாகச் செய்தே ஆக வேண்டும், வழக்கமாக 2.5 மில்லிமீற்றர் விட்டம். இரிடியத்தை 0.6, சில வகைகளில் 0.4 மில்லிமீற்றர் வரை மெலிதாக்கலாம், அப்போதும் அது தாக்குப்பிடிக்கும். நிக்கலை 0.6 ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கான விடை என் தினசரித் தாளில் கிடந்தது.

மெலிவதால் என்ன லாபம்? கூரான முனையில் மின்புலம் குவியும், குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். கொயிலுக்குப் பாரம் குறைவு. இன்னொன்று, பொறி பிறந்த அந்தக் கணத்தில் நெருப்பு கடுகளவுகூட இல்லாத உருண்டை. பக்கத்தில் தடித்த உலோகம் இருந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிவிடும். முனை மெலிதாக இருந்தால் நெருப்பு தப்பிப் பரவும். கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில், குளிர்ந்த எஞ்சினில், இந்த வித்தியாசம் தெரியும். அதிவேகப் பாதையில் நன்றாக இருக்கும் எஞ்சினில் எனக்குத் தெரிந்ததில்லை. இரிடியம் போட்டால் குதிரைவலு கூடும் என்று யாராவது சொன்னால், அவர் தேய்ந்த பிளக்கை மாற்றிய சந்தோஷத்தைச் சொல்கிறார். புது நிக்கல் போட்டிருந்தாலும் அதே சந்தோஷம் வந்திருக்கும்.

இரிடியம் 1803இல் ஸ்மித்சன் டெனன்ட் கண்டெடுத்த உலோகம். அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் வானவில் தேவதையின் பெயரை வைத்தார். தனி இரிடியம் மிகுந்த சூட்டில் காற்றோடு சேர்ந்து ஆவியாகிக் கரையும் என்பதால் ரோடியம் போன்றவற்றைக் கலந்துதான் முனை செய்கிறார்கள். ஆனால் பெட்டியில் இரிடியம் என்ற சொல்லைக் கண்டதும் ஒரு இலட்சம் கிலோமீற்றர் என்று கணக்குப் போடக் கூடாது. நடு முனை மட்டும் இரிடியமாக இருந்து, எதிரே இருக்கும் தரை முனை வெறும் நிக்கலாக இருந்தால், அந்தப் பக்கம் முதலில் தேயும். ஒரு இலட்சம் ஓடும் வகைகளில் தரை முனையிலும் பிளாட்டினப் பொட்டு ஒன்று வைத்து ஒட்டியிருப்பார்கள். வாங்கும்போது அந்தப் பொட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பிளாட்டினம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரே கொயில் இரண்டு பிளக்குகளுக்கு ஒன்றாகப் பொறி கொடுக்கும் எஞ்சின்களில் ஒன்றில் பொறி நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் பாயும். அங்கே பிளாட்டினம் போடுவதானால் இரண்டு முனையிலும் வைத்த பிளக் வேண்டும். எங்கள் கார் அப்படி இல்லை, எனவே அதை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மருதானைப் பக்கம் இருந்து நடந்தால், இருபுறமும் கதவு, கியர்பெட்டி, லைட், ரேடியேட்டர் என்று கார் ஒன்றைப் பிரித்துப் பரப்பிவைத்ததுபோல இருக்கும். கராஜ் நடத்தும் அண்ணை ஒருவர் சொன்ன கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த நானாவிடம் பழைய போலியை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, வாஷரை விரலால் சுழற்றினார். அது மரையில் ஓடிக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"தம்பி, இப்புடிக் கழண்டு வந்தா அது சாமான் இல்ல. நல்ல பிளக்ல வாஷர் ஆடும், ஆனா கழராது" என்றார். பிறகு கீழே குனிந்து இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். "நிக்கலும் ஈக்குது, இரிடியமும் ஈக்குது. வாகனம் யார் ஓட்டுற?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அதற்கு முன் கேட்டதில்லை. உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் முதல் கேள்வி என்று எனக்கு அப்போதே பட்டது. "அப்பா ஓட்டுவார் நானா. வருசத்துக்கு ஆறாயிரம் கிலோமீற்றர், எல்லாம் கொழும்புக்குள்ளதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்றிரவு கணக்குப் போட்டேன். பிளக் தேய்வது கிலோமீற்றரால் இல்லை, பொறியால். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 700 சுற்று ஐட்லிங் என்றால் 350 பொறி. ஒரு மணி நேரம் நின்றால் 21,000 பொறி, ஓடியது பூச்சியம் கிலோமீற்றர். தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 80 கிலோமீற்றரில் ஏறக்குறைய 2,000 சுற்றில் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 750 பொறி. காலி வீதியில் மாலை நேரம் மணிக்கு 12 கிலோமீற்றரில், நின்றும் நகர்ந்தும் சராசரி 1,100 சுற்று என்று வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 2,750 பொறி. மூன்றரை மடங்குக்கு மேல். அப்பாவின் ஆறாயிரம் கிலோமீற்றர், பொறிக் கணக்கில் அதிவேகப் பாதையின் 22,000 கிலோமீற்றர். பாரம் இல்லாத ஐட்லிங் பொறி குறைவாகத்தான் தேய்க்கும் என்பது உண்மை. ஆனாலும் நிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லும் 20,000 கிலோமீற்றரை மீற்றரில் மட்டும் பார்த்து மூன்று வருடம் ஓட்டுவது இந்த ஊரில் பிழை.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பிளக்கின் மூக்கு, அதாவது சிலிண்டருக்குள் நீளும் பீங்கான் நுனி, 450, 500 பாகைக்கு மேல் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரிக்கும். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும் காரில் அந்தச் சூடு அரிதாகத்தான் வரும். "அப்ப சூடான பிளக் போடுவம்", அதாவது சூட்டை மெதுவாக இறக்கும் வகையைப் போடுவோம், என்ற யோசனை எனக்கும் வந்தது. போடவில்லை. பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை இறக்கும் என்பதைக் காட்டுவது வெப்ப எண். கம்பனி சொன்ன அந்த எண்ணை மாற்றினால், என்றாவது ஒரு நாள் யாழ்ப்பாணம் வரை ஓடும்போது மூக்கு அளவுக்கு மீறிச் சூடேறி, பொறி பாயுமுன்னரே பெற்றோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் துளைபடுவது அப்படித்தான். உலோகத்தை மாற்றலாம், வெப்ப எண்ணை மாற்றக்கூடாது.

அந்த எண் பிளக்கிலேயே எழுதியிருக்கிறது. டென்சோ கே16ஆர்-யூ11 என்றால் கே என்பது 14 மில்லிமீற்றர் மரை, 19 மில்லிமீற்றர் நீளம், 16 மில்லிமீற்றர் நட். அடுத்த 16 வெப்ப எண். ஆர் ரெசிஸ்டர். யூ, தரை முனையில் வெட்டிய பள்ளம். 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி. என்ஜிகேயில் அதே வெப்பம் 5. இந்த இரண்டு கம்பனிகளிலும் எண் கூடினால் குளிர் பிளக். பொஷ்ஷில் தலைகீழ், எண் கூடினால் சூடு. தெரியாமல் ஒன்றுக்கு மற்றது மாற்றினால் பிழையாகிவிடும்.

நான் எடுத்தது நிக்கல்.

காரணம் விலை மட்டுமல்ல. எனக்குச் சொன்ன விலையில் இரிடியம் ஒன்றின் காசுக்கு நிக்கல் மூன்றுக்கு மேல் வரும், அது ஒரு பக்கம். இந்த எஞ்சினில் பிளக் மேலேயே இருக்கிறது, நான்கையும் கழற்றிப் பூட்ட இருபது நிமிடம். காரின் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடத்துக்கு ஒரு தரம் புகைப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு முந்தின வாரம் பிளக்கைக் கழற்றினால், சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் பார்க்கக் கிடைக்கிறது. மூக்கு மண்ணிறமாக, சாம்பல் கலந்து இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது, அல்லது ஐட்லிங் அதிகம். ஈரமாக எண்ணெய் பளபளத்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு. இருபது வயது எஞ்சினை ஒரு இலட்சம் கிலோமீற்றர் வரை திறந்து பார்க்காமல் விட எனக்கு மனமில்லை.

தங்கையின் பிரியஸுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். மூன்றாம் தலைமுறை பிரியஸில் பிளக்கைத் தொட வைப்பர் கைகளையும் அதன் கீழுள்ள மூடியையும் கழற்ற வேண்டும். அதற்குக் கம்பனி விதித்தது இரிடியம். அங்கே நிக்கலைத் தேடிப் போடுவது காசை மிச்சம் பிடிப்பதாகாது, வேலையைக் கூட்டுவதாகும்.

பூட்டும் வேலை செவ்வாய் காலை. முதலில் நான்கு புதுப் பிளக்கையும் மல்டிமீற்றரில் அளந்தேன்: 4.6, 4.8, 4.5, 4.8 கிலோ ஓம். இடைவெளி மூன்றில் சரி, ஒன்றில் சற்றுக் குறைவு. தரை முனையை மட்டும் மெதுவாக நிமிர்த்தி 1.1 கம்பி இலேசாக உரசிப் போகும்வரை கொண்டுவந்தேன். இதுவே இரிடியமாக இருந்திருந்தால் நடு முனையில் கேஜ் படவே விடக்கூடாது, அந்த ஊசி உடைந்துபோகும்.

மரையில் ஏற்றுவதற்கு சொக்கெட் பிடிக்கவில்லை. பழைய பெற்றோல் குழாய் ஒன்றில் ஒரு சாண் வெட்டி வைத்திருக்கிறேன். பிளக்கின் தலையை அதற்குள் செருகி, குழியில் இறக்கி, விரலால் குழாயைச் சுழற்றினேன். மரை நேராக ஏறினால் பிளக் சுழன்றுகொண்டே போகும். கோணலாக மாட்டினால் குழாய் வழுக்கி நிற்கும், மரைக்குச் சேதம் வராது. பிளக் ஏறும் எஞ்சின் ஹெட் அலுமினியம் என்பதால் இது எனக்கு முக்கியம். மூன்றாவது பிளக் ஒருமுறை மாட்டியது. பின்னால் திருப்பி, "டக்" என்று மரை விழும் சத்தம் விரலில் உணர்ந்தபின் மறுபடி ஏற்றினேன். வழுக்காமல் போனது.

கையால் இறுகி வாஷர் உட்கார்ந்தபின் சொக்கெட்டால் அரைச் சுற்றும் கொஞ்சமும். புது வாஷர் நசுங்குவது கையில் தெரியும், முதலில் மெத்தென்று கொடுத்து, பிறகு திடமாக நிற்கும். அங்கே நிறுத்தினேன். கிரீஸ் எதுவும் மரையில் பூசவில்லை. பூசினால் வழுக்கல் கூடி, அதே கைப்பலத்தில் அளவுக்கு மீறி இறுகும். கரிக்கோடு விழுந்த இரண்டாம் கொயிலின் ரப்பர் குழாயை மட்டும் புதிதாக மாற்றினேன். அதைத் துடைத்துப் போட்டால் மின்சாரம் பழைய பாதையிலேயே போகும், புதுப் பிளக்கும் வீணாகும்.

சாவியைத் திருப்பியதும் தெரிந்தது. பொனட்டின் மேல் அரைத் தம்ளர் தண்ணீர் வைத்தேன், அப்பா ஏ.சி.யைப் போட்டார். தண்ணீரின் முகத்தில் மெல்லிய வளையங்கள் மட்டும், தளும்பல் இல்லை.

தாங்கி நிரம்பியதிலிருந்து அடுத்த நிரம்பல் வரை கணக்கெடுத்தால் முன்பு லீற்றருக்கு 8.7 கிலோமீற்றர், இப்போது 10.2. இந்தக் கூடுதல் ஒரு சிலிண்டர் மறுபடி வேலை செய்ததால் வந்தது.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். மூக்கில் மண்ணிறம், விளிம்பில் மெல்லிய கரி, பீங்கானில் கோடு இல்லை. கேஜ் 1.1இல் உரசியது. அதே வாஷர் ஏற்கெனவே நசுங்கியதால் இம்முறை அரைச் சுற்றுக் கொடுக்கவில்லை, கை இறுக்கத்துக்குப் பின் மணிக்கூட்டில் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு மட்டும். பொனட்டின் உட்புறத்தில் மீற்றர் இலக்கத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த புகைப் பரிசோதனைக்கு முன் நான்கையும் ஒன்றாகக் கழற்ற வேண்டும். அதற்கான நான்கு பெட்டி நானா கடையிலிருந்து இப்போதே வாங்கி அலுமாரியில் இருக்கிறது.